டைப் 1 சர்க்கரை: காய்ச்சல் வந்தால் இன்சுலினை நிறுத்தலாமா? ஃப்ளூ தடுப்பூசி ஏன் முக்கியம்?

"சாப்பிடவே இல்லையே, அப்புறம் எதுக்கு இன்சுலின்? போட்டா சுகர் இறங்கிடாதா?"

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், காய்ச்சல் நாட்களில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், "சரி, இன்னைக்கு ஊசி வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்த சில மணி நேரங்களில் அந்தப் பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரிடலாம்.

சாதாரண ஆட்களுக்கு மூன்று, நான்கு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் ஃப்ளூ காய்ச்சல், டைப் 1 உள்ளவர்களுக்கு ஏன் ஆபத்தாக மாறுகிறது? அந்த நாட்களை வீட்டில் எப்படிச் சமாளிப்பது? ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஃப்ளூ தடுப்பூசியால் என்ன பயன்? அதை அரசு இலவசமாகத் தருகிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டைப் 1, டைப் 2: என்ன வித்தியாசம்?

நம் ஊரில் 'சுகர்' என்று சொன்னால் பெரும்பாலும் டைப் 2 வகையைத்தான் குறிக்கிறோம். அதில் உடலில் இன்சுலின் சுரக்கும்; ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி என்று பல வழிகள் இருக்கின்றன.

டைப் 1 வேறு கதை. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் இது வருவதில்லை. பெற்றோர் வளர்ப்பில் எந்தத் தவறும் இல்லை. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும்தான் அதிகம் வருகிறது என்றாலும், எந்த வயதிலும் வரலாம். வந்த பிறகு வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியே ஆக வேண்டும், வாழ்நாள் முழுவதும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயது சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு டைப் 1 வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்சுலின் இல்லாத டைப் 1 உடல் இன்றும் அதே நிலையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு நாள் ஊசியை விடுவதுகூட சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 நோயாளிகள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில்தான்: சுமார் 2.29 லட்சம் பேர்.

சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறுமா?

ஏறும். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

காய்ச்சல் வந்ததும் உடல் அதை ஒரு நெருக்கடியாக எடுத்துக்கொள்கிறது. கிருமியோடு போராட சக்தி வேண்டும் என்று கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இவை ரத்தத்தில் இறக்கிவிடும். அதோடு, இன்சுலின் வேலை செய்வதையும் மந்தமாக்கும். வழக்கமான நாளில் 10 யூனிட் செய்யும் வேலைக்கு காய்ச்சல் நாளில் அதைவிட அதிகம் தேவைப்படலாம்.

ஆக, வாயில் ஒரு பருக்கை போகாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை 300, 400 என்று ஏறலாம். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் அடி.

ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை இருந்தும் செல்கள் பட்டினி கிடக்கும். வீட்டு வாசலில் அரிசி மூட்டை இறங்கியிருக்கிறது, உள்ளே எடுத்து வைக்க ஆள் இல்லை என்பது போன்ற நிலைமை. இன்சுலின்தான் அந்த ஆள்.

பட்டினி கிடக்கும் உடல் அடுத்து கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அப்படிக் கரையும்போது உருவாகும் அமிலப் பொருள்தான் கீட்டோன். கொஞ்சம் இருந்தால் உடல் சமாளித்துவிடும். அளவு மீறினால் ரத்தமே அமிலத்தன்மை அடைகிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'டயபடிக் கீட்டோ அசிடோசிஸ்', சுருக்கமாக டிகேஏ என்கிறார்கள். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை இது.

வாந்தி வந்தால் 'ஃபுட் பாய்சன்' என்று நினைக்கலாமா?

டிகேஏ-வின் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, அசதி. இவற்றில் வாந்தியையும் வயிற்று வலியையும் மட்டும் பார்த்தால், "ஹோட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்று தோன்றும். ஓமவாட்டர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

டைப் 1 உள்ள ஒருவருக்கு வாந்தி வந்தால், முதலில் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்க்க வேண்டும். கீட்டோன் இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்ற காரணங்களை யோசிக்க வேண்டும். வாந்தியால் கீட்டோன் ஏறலாம். கீட்டோன் ஏறியதாலும் வாந்தி வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பரிசோதித்தால்தான் தெரியும்.

மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, மூச்சில் அழுகிய பழம் போன்ற வாடை வருவது, பேச்சு குழறி தூக்கக் கலக்கமாக இருப்பது ஆகியவை டிகேஏ முற்றிவிட்டது என்பதன் அடையாளங்கள். இந்த மூச்சிரைப்பை 'வீசிங்' என்று நினைத்து நேரத்தை வீணாக்கிவிடக் கூடாது.

காய்ச்சல் நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

டைப் 1 சிகிச்சையில் இதற்கென்றே 'சிக் டே' விதிகள் உள்ளன. குழந்தைகள் நீரிழிவுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் இவற்றை விரிவாகச் சொல்கின்றன. டைப் 1 சிகிச்சைக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தனி வழிகாட்டுதலும் 2022 ஜூனில் வெளியானது. சிக் டே விதிகளின் சாரம் இதுதான்:

1. இன்சுலினை முழுசா நிறுத்தக் கூடாது

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை, அதாவது நாள் முழுவதும் அடித்தளமாக ஓடிக்கொண்டிருக்கும் ஊசியை, பிள்ளை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போடும் இன்சுலினின் அளவு, எவ்வளவு சாப்பிடுகிறார்கள், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

சர்க்கரையும் கீட்டோனும் ஏறியிருந்தால், கூடுதல் இன்சுலின் தேவைப்படும். ஒரு நாளில் போடும் மொத்த இன்சுலினில் 5 முதல் 20 சதவீதம் வரை, கீட்டோன் அளவைப் பொறுத்து கூடுதலாகப் போடச் சொல்வது வழக்கம். உதாரணமாக, ஒரு நாளைக்கு மொத்தம் 40 யூனிட் போடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 4 யூனிட். ஆனால் இந்தக் கணக்கை வீட்டிலேயே ஊகித்துப் போடக் கூடாது. அவரவர் மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த அளவுதான் சரி.

சிலருக்கு, குறிப்பாக வாந்தி பேதியோடு வரும் நோயில், சர்க்கரை ஏறுவதற்குப் பதில் இறங்கும். அப்போதும் அளவைக் குறைக்கத்தான் சொல்வார்கள், முழுவதும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வகை இன்சுலினும் கலந்தே வரும் 'மிக்ஸ்' ஊசி போடுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அடித்தள அளவையும் சாப்பாட்டு அளவையும் தனித்தனியாக மாற்ற முடியாது. அவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பம்ப் பயன்படுத்துபவர்கள், கீட்டோன் ஏறியிருந்தால் குழாய் அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். கூடுதல் இன்சுலினை பேனா அல்லது சிரிஞ்ச் மூலம் போட்டுவிட்டு குழாயை மாற்ற வேண்டும்.

2. சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், ராத்திரியிலும்

இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. "இப்பதான் தூங்கினான், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடும் இரவுதான் பல வீடுகளில் நிலைமை கைமீறும் நேரம். தூங்குகிறானா, மயக்கத்தில் இருக்கிறானா என்பது எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

கையில் சென்சார் மாட்டியிருந்தாலும், காட்டும் அளவுக்கும் உடல் நிலைக்கும் பொருந்தவில்லை என்றால் விரலில் குத்திப் பார்ப்பதே நம்பகமானது. சில வகை சென்சார்களில், சளிக்காக எடுக்கும் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை தவறான எண்ணைக் காட்ட வைக்கலாம்.

3. கீட்டோன் பார்க்க வேண்டும்

சர்க்கரை 250-ஐத் தாண்டினாலோ, வாந்தி இருந்தாலோ கீட்டோன் பார்ப்பது கட்டாயம். இதற்கு இரண்டு வழிகள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப். விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் மீட்டர். ரத்தப் பரிசோதனை அந்த நேரத்து நிலைமையைச் சொல்லும். சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலைமையைக் காட்டும். ஆனால் விலை குறைவு, ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ரத்தக் கீட்டோன் அளவை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

0.6-க்குக் கீழ்: பயமில்லை.
0.6 முதல் 1.5 வரை: கவனம் தேவை. தண்ணீர், இன்சுலின், மறுபடி பரிசோதனை.
1.5 முதல் 3 வரை: ஆபத்து நெருங்குகிறது. மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.
3-க்கு மேல்: நேராக மருத்துவமனைதான்.

சர்க்கரை 150, 180 என்று ஓரளவு நார்மலாக இருந்தும் கீட்டோன் ஏறியிருக்கலாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு இப்படி நடக்கும். அந்த நேரத்தில் இன்சுலினும் வேண்டும், கூடவே கொஞ்சம் மாவுச்சத்தும் வேண்டும். 'சுகர் நார்மல்தானே' என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

4. தண்ணீர், கஞ்சி, மோர்

காய்ச்சலாலும், சர்க்கரை ஏறியதால் அதிகம் போகும் சிறுநீராலும் உடலில் நீர் வேகமாக வற்றும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் வாந்தியாகிவிடும். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று கொடுப்பதே வழி.

சர்க்கரை அதிகமாக இருந்தால்: தண்ணீர், உப்புப் போட்ட மோர், தெளிந்த ரசம் போன்ற இனிப்பில்லாத பானங்கள். சர்க்கரை குறைந்துகொண்டே வந்தால்: அரிசிக் கஞ்சி, இளநீர், பழச்சாறு, ஓஆர்எஸ் கரைசல். சாப்பாடு இறங்காதபோது உடலுக்குத் தேவையான மாவுச்சத்து இவற்றிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

ஓஆர்எஸ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்த ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். ஆனால் 'ஓஆர்எஸ்' என்ற பெயரை ஒட்டிக்கொண்டு, இதைவிடப் பல மடங்கு இனிப்பான பானங்களும் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. மருத்துவர்கள் தொடர்ந்து எழுப்பிய புகார்களுக்குப் பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்த அளித்திருந்த அனுமதியை ரத்து செய்தது. மருந்துக் கடையில் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் முறை என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனை போக வேண்டும்?

வாந்தி நிற்காமல் சில மணி நேரம் தொடர்ந்தால். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால். கூடுதல் இன்சுலின் போட்டும் சர்க்கரையோ கீட்டோனோ இறங்காவிட்டால். சர்க்கரை 70-க்குக் கீழ் போய் மேலே ஏறாவிட்டால். வயிற்று வலி, மூச்சிரைப்பு, தூக்கக் கலக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பிள்ளை மிகச் சிறியதாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பிவிட வேண்டும்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். சந்தேகம் கேட்க தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

மருத்துவமனைக்குப் போனதும் முதல் வார்த்தையாக, "இவருக்கு டைப் 1 சுகர், கீட்டோன் பாருங்க" என்று சொல்ல வேண்டும். வெறும் 'காய்ச்சல், வாந்தி' என்று சொன்னால் வரிசையில் காத்திருக்க வைக்கப்படலாம். கடைசியாக எப்போது, எவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போவது உதவும்.

ஃப்ளூவா, டெங்குவா?

தமிழ்நாட்டில் ஃப்ளூ பரவும் மழைக்காலமே டெங்கு பரவும் காலமும்கூட. வாந்தியும் கடுமையான வயிற்று வலியும் டெங்குவில் எச்சரிக்கை அறிகுறிகள். அதே இரண்டும் டிகேஏ-வின் அறிகுறிகள். எந்த நோய் என்று வீட்டிலிருந்தபடி கண்டுபிடிக்க முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை, உடல் வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டால் சர்க்கரை கணிசமாக ஏறும் என்பதால், டைப் 1 இருப்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளூவுக்கு மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் பலரும் அறிந்த ஓசெல்டாமிவிர். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

எச்1என்1 காய்ச்சலுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நடைமுறையில் நோயாளிகள் ஏ, பி, சி என்று பிரிக்கப்படுகிறார்கள். லேசான காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்கு இந்த மருந்து தேவையில்லை. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி போன்றவை உள்ளவர்கள் சி பிரிவு. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லேசான அறிகுறிதான் இருந்தாலும், ஏற்கெனவே சர்க்கரை நோய் போன்ற பாதிப்பு உள்ளவர்கள் பி பிரிவில் வருகிறார்கள். அவர்களுக்கு ஓசெல்டாமிவிர் கொடுக்கலாம் என்கிறது அந்த நடைமுறை.

அதாவது, ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் ஒரே காய்ச்சல் வந்தாலும், டைப் 1 உள்ள பிள்ளைக்கு வைத்தியம் வேறு. "அவனுக்கு தானா சரியாச்சு, இவளுக்கும் சரியாகிடும்" என்று இரண்டு நாள் பார்த்தால், அந்த 48 மணி நேரம் கைநழுவிவிடும்.

தடுப்பூசியால் என்ன பயன்?

ஃப்ளூ தடுப்பூசி போட்டால் ஃப்ளூவே வராது என்று சொல்ல முடியாது. ஊசியில் உள்ள வைரஸ் வகையும் ஊரில் பரவும் வகையும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். வந்தாலும் தீவிரமாகாமல் தடுக்க உதவுகிறது.

டைப் 1 உள்ளவர்களுக்கு இதன் மதிப்பு இன்னும் அதிகம். 2009-இல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்கும், அப்படிச் சேர்ந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து நான்கு மடங்கும் இருந்தது தெரியவந்தது. ஒரு ஃப்ளூ தடுக்கப்பட்டால், இரவெல்லாம் விழித்து ஊசியும் ஸ்ட்ரிப்புமாகக் கழியும் மூன்று, நான்கு நாட்களும் தடுக்கப்படுகின்றன.

யார் போட வேண்டும்? எப்போது?

6 மாதத்துக்கு மேற்பட்ட, சர்க்கரை நோய் உள்ள எல்லோரும் ஆண்டுதோறும் போட வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். 5 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும், அதற்கு மேல் நீரிழிவு போன்ற பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதன்முறையாகப் போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று போதும்.

ஏன் ஒவ்வொரு ஆண்டும்? ஃப்ளூ வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போன வருடம் போட்ட ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும்.

காலம் முக்கியம். காஷ்மீரில் ஃப்ளூ குளிர்காலத்தில் உச்சம் தொடும். சென்னை, வேலூர் போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அதிகரிக்கிறது. ஊசி போட்ட பிறகு உடலில் எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் இரண்டு வாரம் ஆகும். எனவே தமிழ்நாட்டில் மழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பர் வாக்கில், போட்டுவிடுவது பொருத்தம். தவறவிட்டால், பிறகு போட்டாலும் பலன் உண்டு. கையிருப்பில் உள்ள புதிய வகை ஊசியா என்று கேட்டுப் போடலாம்.

ஊசியே காய்ச்சலைக் கொடுத்துவிடாதா?

ஊசியாகப் போடப்படும் ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஃப்ளூ வர வாய்ப்பே இல்லை. கை வலி, லேசான காய்ச்சல், உடல் அசதி ஓரிரு நாள் இருக்கலாம். அந்த நாட்களில் சர்க்கரை சற்று ஏறலாம் என்பதால், வழக்கத்தைவிட இரண்டு முறை கூடுதலாகப் பார்த்துக்கொண்டால் போதும். கடும் காய்ச்சலில் இருப்பவர்கள் குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம். முந்தைய டோஸில் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசியும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஃப்ளூ ஊசி போடப் போகும்போதே இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்குமா?

சிக்கல் இங்கேதான். சர்க்கரை நோய் உள்ளிட்ட நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி தேவை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் போலியோ, தட்டம்மை தடுப்பூசிகளைப் போல, தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி சேர்க்கப்படவில்லை. எனவே பெரும்பாலானோர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஒரு டோஸ் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும், அதுவும் ஒவ்வொரு ஆண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. பல குடும்பங்களுக்கு அதுதான் உயிர்நாடி. ஆனால் ஊசி இலவசமாகக் கிடைத்தாலும், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், கீட்டோன் ஸ்ட்ரிப் ஆகியவற்றின் செலவு பலருக்குக் கைக்காசுதான். தினக்கூலி வீட்டில், ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்க வேண்டிய சர்க்கரையை ஒரு முறையாகக் குறைத்துக்கொள்வது இதனால்தான். காய்ச்சல் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்று சொல்வது சுலபம். அதற்கு ஒரே நாளில் 10 ஸ்ட்ரிப்பாவது வேண்டும்.

2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது, தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. காய்ச்சல் வந்தவர்களைத் தேடிப் போக முடிகிற ஒரு சுகாதார அமைப்பு, காய்ச்சல் வந்தால் யாருக்கு அதிக ஆபத்து என்று முன்பே தெரிந்த பிள்ளைகளையும் மழைக்கு முன் தேடிப் போக முடியும். டைப் 1 பிள்ளைகள் மாதாமாதம் இன்சுலின் வாங்க அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். பெயர் பட்டியல் அங்கேயே இருக்கிறது. செப்டம்பர் மாத இன்சுலினோடு ஒரு ஃப்ளூ ஊசியும், ஒரு பெட்டி கீட்டோன் ஸ்ட்ரிப்பும் சேர்ந்து கிடைத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு பிள்ளை டிகேஏ-வோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருப்பதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

இப்போதே செய்ய வேண்டியது என்ன?

அந்த மாற்றம் வரும் வரை, குடும்பங்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "காய்ச்சல் வந்தா எவ்வளவு இன்சுலின், எப்போ போன் பண்ணணும்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவிலோ, எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ ஒட்ட வேண்டும். அம்மா ஊரில் இல்லாத நாளில் பாட்டி பார்த்துக்கொண்டாலும் அது புரிய வேண்டும். போனில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம். பள்ளி வகுப்பாசிரியரிடமும் ஒரு பிரதி இருந்தால் நல்லது.

ஒரு சிறிய டப்பாவில் காலாவதி ஆகாத கீட்டோன் ஸ்ட்ரிப், கூடுதல் சர்க்கரை ஸ்ட்ரிப், தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், குளுக்கோஸ் பவுடர், மருத்துவமனை எண் ஆகியவற்றைப் போட்டு வைக்க வேண்டும். சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் பாட்டிலைத் திறந்த பிறகு சில மாதங்களே தாங்கும். திறந்த தேதியை மூடியில் எழுதி வைப்பது நல்லது. மழையில் மின்சாரம் போனால் இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈர மணல் வைத்த மண்பானை முறை இன்றும் பல வீடுகளில் கைகொடுக்கிறது.

வீட்டில் டைப் 1 உள்ள பிள்ளை இருந்தால், உடன் இருக்கும் பெரியவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது பிள்ளைக்கும் பாதுகாப்பு. வெளியிலிருந்து கிருமியைக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான்.

குறிப்பு: இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்கானது. இன்சுலின் அளவில் எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே செய்ய வேண்டும்.